துருவப் பனியில் ஒரு விருத்தாசலத்துக்காரன்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீங்க வடதுருவத்துப் பக்கம் போய் வந்தீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். நான் தயங்கினேன். மே மாதம் வந்தால் நாற்பது டிகிரியில் காயும் ஊர் இது. மணிமுத்தாற்று மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. இங்கே வந்து பனியைப் பற்றிப் பேசினால், மீன் விற்கிற இடத்தில் பூ விற்ற கதையாகிவிடுமே என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு நடந்த ஒரு விஷயம் நேராக நம்ம ஊர்ச் சூளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

என் மகள் ஆஸ்லோவில் வேலை பார்க்கிறாள். 2025 மார்ச்சில் அவளைப் பார்க்கப் போனபோது, "அப்பா, ரிட்டயர் ஆயிட்டீங்க, ஒரு தடவையாவது வித்தியாசமா எங்கேயாவது போகலாம்" என்று ஸ்வால்பார்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். நார்வேக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிற தீவுக் கூட்டம் அது. நாங்கள் தங்கிய லாங்இயர்பீன் என்ற ஊர் 78 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,500. நம் பக்கத்து ஊராட்சி ஒன்றைவிடச் சிறியது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவரை அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. அப்புறமும் மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 வாக்கில்தான் ஆகிறது. அந்த நாளை ஊரே கூடி விழாவாகக் கொண்டாடுகிறது. நாம் வெயிலுக்குப் பயந்து குடை பிடிக்கிறோம், அவர்கள் வெயிலுக்காகத் தெருவில் நிற்கிறார்கள்.

அந்த இடம் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். ஸ்வால்பார்டு ஒப்பந்தம் 1920 பிப்ரவரி 9-ல் பாரிசில் கையெழுத்தானபோது, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவின் பெயரிலும் கையெழுத்து விழுந்தது. லாங்இயர்பீனுக்கு வடமேற்கே நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி நீ-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பில் 2008 ஜூலை 1 முதல் நம் நாட்டின் 'ஹிமாத்ரி' நிலையம் இயங்குகிறது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் நம் விஞ்ஞானிகள் அங்கே போய்த் தங்குகிறார்கள். அதன் பக்கத்துக் கடலில் 2014 ஜூலையில், சுமார் 190 மீட்டர் ஆழத்தில், 'இண்டார்க்' என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதியை இறக்கினார்கள். அதை உருவாக்கியதில் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பவும் கேட்கவும் செய்கிற கருவிகளுக்கு இதயம் எது? பீசோ செராமிக். நம்ம சரக்கு! (கைதட்டல்)

சரி, பயணத்துக்கு வருகிறேன். அந்தத் தீவில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில் சாலையே கிடையாது. நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுகள். குளிர்காலத்தில் போக்குவரத்து ஸ்னோமொபைலில்தான். அங்கே பேச்சு வழக்கில் அதை 'ஸ்கூட்டர்' என்கிறார்கள். "நாளைக்குக் காலையில ஸ்கூட்டர்ல போறோம்" என்று மகள் சொன்னதும், முப்பத்தஞ்சு வருஷமாக இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறவன் ஆயிற்றே, எனக்கு என்ன பயம் என்று இருந்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் அது வேறு பிராணி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டிராக்டர் பெல்ட் மாதிரி ஒரு அகலமான ரப்பர்ப் பட்டை. எடை இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல். ஆக்சிலரேட்டரை முறுக்குவதில்லை, வலது கைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிரேக் இடது கையில். கைப்பிடிக்குள் சூடேற்றும் கம்பி. இன்ஜினிலிருந்து ஒரு கயிறு வந்து நம் உடுப்பில் மாட்டிக்கொள்ளும். நாம் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போய்விடும்.

இந்த வகை வண்டி பிறந்த கதையும் கேட்க வேண்டியது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோசப் அர்மான் பம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் நோய் கண்டது. பனியால் பாதை அடைத்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டி செய்வதில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அவர், அதற்கப்புறம் அதிலேயே மூழ்கினார். 1937-ல் ஏழு பேர் உட்காரும் பனி வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் இருவர் போகும் சின்ன வண்டியான 'ஸ்கி-டூ' 1959-ல் வந்தது. இன்று நாம் பொழுதுபோக்குக்கு ஏறி உட்காரும் வண்டிக்குப் பின்னால் ஒரு தகப்பனின் துக்கம் இருக்கிறது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு நார்வேப் பெண். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயது இருக்கும். தோளில் துப்பாக்கி, இடுப்பில் வெளிச்ச வெடி. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி வரலாம் என்பதற்காக. சுட்டு வேடிக்கை பார்க்க அல்ல, கடைசிக் கட்டத் தற்காப்புக்கு. 2025 முதல் சட்டப்படி கரடியிடமிருந்து 300 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அந்தப் பொண்ணு கிளம்பும் முன் மூன்று விஷயம் சொன்னாள். "என் தடத்திலேயே வாங்க. வண்டி சாஞ்சா காலை வெளியே நீட்டாதீங்க. நான் கை தூக்கினா நில்லுங்க, காரணம் அப்புறம் கேளுங்க." மைனஸ் 18 டிகிரி. நாற்பது கி.மீ. வேகத்தில் போனால் அந்தக் காற்று உடம்புக்கு மைனஸ் முப்பதைத் தாண்டியதாகத்தான் உறைக்கும். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே என் மீசையில் ஐஸாக ஒட்டியது.

ஆட்வென்ட்டாலன் என்ற அகன்ற பள்ளத்தாக்கு வழியாகப் போனோம். மகள் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எங்களோடு இன்னும் மூன்று வண்டிகள். இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி வைத்த மாதிரி மலைகள், ஒரு மரம் கிடையாது. குட்டைக்கால் மான்கள் பனியைக் குளம்பால் கிளறி எதையோ மேய்ந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு நிசப்தத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. வண்டியை நிறுத்தியபோது என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு முதல் மணி நேரத்தைவிட இரண்டாவது மணி நேரம்தான் ஆபத்து. தடம் வளைந்து போகிறதே, நேராகப் போனால் என்ன என்று பத்தடி விலகினேன். சரிவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உடனே நம் ஊர்ப் பழக்கம்! காலை நீட்டி ஊன்றினேன். பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்ததில் கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டது. வண்டி இன்னும் பாய்ந்து பக்கவாட்டில் கவிழ்ந்தது. பனி பூப்போல இருந்ததால் கால் உள்ளே புதைந்து தப்பியது. மகள் பின்னால் உருண்டு எழுந்து, "அப்பா, கால் இருக்கா?" என்றாள்.

கவிழ்ந்த வண்டி மறுபடி கிளம்பவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றி, பையிலிருந்து புதுசை எடுத்தாள். அவள் கையில் அந்த வெள்ளை உடம்பைப் பார்த்ததும் எனக்கு நம் லேபில் நிற்கிற மாதிரி இருந்தது. மாணவர்களுக்குத் தெரியும், அது 90 சதவீதத்துக்கு மேல் அலுமினா. 1,600 டிகிரியை ஒட்டிச் சுட்டது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டும். அதன் மூக்கு நுனி 450, 500 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி படியும், 850-ஐத் தாண்டினால் தீப்பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். வெளியே மைனஸ் 18, உள்ளே இந்தக் கணக்கு. நடுவில் நிற்பது விரல் நீளச் செராமிக். "இதுதான் என் தொழில்" என்று அவளிடம் சொன்னேன். "அப்படியா, ரொம்ப நன்றி, இது இல்லேன்னா நாம வீட்டுக்கு நடந்துதான் போகணும்" என்று சிரித்தாள்.

பாருங்க, விழுந்த வெட்கம் போய் எனக்குப் பெருமை ஏறிவிட்டது. அந்தப் பெருமைதான் அடுத்த தப்புக்குக் காரணம்.

மலைகளைத் தாண்டி ஸ்வால்பார்டின் கிழக்குக் கரைக்குப் போவதுதான் திட்டம். அங்கே பனியாறு கடலில் முடியும் நீலச் சுவரைப் பார்க்கலாம் என்று பணம் கட்டியிருந்தோம். சாஸ்ஸன்டாலன் பள்ளத்தாக்கில் ஏறிப் பனியாற்றின் அடிவாரத்துக்கு வந்தபோது அவள் கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றோம். அவள் இறங்கி, குனிந்து, கையுறையைப் பனிமேல் நீட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "திரும்பிடலாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்று இல்லை, பனி விழவில்லை, வானம் வெள்ளையாக அமைதியாக இருந்தது. "என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். "நிழல் இல்லை" என்றாள்.

மேகம் மெல்லிசாக மூடி, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும்போது பனியில் மேடு பள்ளம் தெரியாது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. முன்னால் பத்தடிப் பள்ளம் இருந்தாலும் சமவெளி போலத்தான் தோன்றும். பனியாற்றில் வெடிப்புகள் உண்டு. போதாததற்கு 2025 பிப்ரவரியில் அங்கே மழை பெய்து, பனி உருகிக் குட்டை குட்டையாகத் தேங்கியது. உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக அந்தத் தீவு சூடாகிறது. "போன வருஷத் தடத்தை நம்பி இந்த வருஷம் போக முடியாது, ஒவ்வொரு நாளும் புதுசாப் பார்க்கணும். நிழல் தெரியலேன்னா மேலே ஏறக் கூடாது, அது எங்க விதி" என்றாள்.

நான் விடவில்லை. இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறோம், மெதுவாகப் போகலாமே, நான் தொழிற்சாலையில் நூறு பேரை மேய்த்தவன், ஆபத்து என்றால் எனக்கும் தெரியும் என்கிற தோரணையில் பேசினேன். என் பின்னால் உட்கார்ந்திருப்பது என் மகள் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. மகள்தான் தோளைத் தொட்டு, "அப்பா, சும்மா இருங்க" என்றாள். அந்தப் பெண் மறுபடி விளக்கம் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டாள்.

அரைமணி நேரம் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் காற்று கிளம்பியது. தரையிலிருந்து பனித்தூள் எழும்பி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு ஒரு புள்ளியாகிவிட்டது. அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். புள்ளி மறைந்தால் நான் நிற்க வேண்டும். நின்றால் எனக்குப் பின்னால் வருகிறவர் நிற்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அப்போதுதான், அந்த மங்கலான சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், நான் முப்பத்தாறு வருஷமாக மறந்துபோக முயன்ற இன்னொரு சிவப்பு ஞாபகம் வந்தது.

நண்பர்களே, இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று நேற்று இரவு வரை யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

1988 மார்கழி. தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் எனக்குப் பயிற்சி. பொங்கல் சமயத்துக்கான பொம்மை, உண்டியல் ஆர்டர் சூளையில் வெந்து முடிந்து ஆறிக்கொண்டிருந்தது. அதே சூளையில் நான் தயாரித்த ஒரு கிளேஸ் மாதிரித் துண்டும் முன்வரிசையில் இருந்தது. எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆவல் தாங்கவில்லை. சூளை மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன சூடு என்று சொல்வார். "தம்பி, உள்ள சிவப்பு தெரியற வரைக்கும் கதவைத் தொடாதே. நாளைக்குத்தான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் டிப்ளமா படிக்கிறவன். அவர் வார்த்தை எனக்கு என்ன பெரிசு? கதவுச் செங்கல் நாலைந்தை உருவினேன். உள்ளே மங்கலான சிவப்பு. மார்கழிக் குளிர்காற்று உள்ளே போயிற்று. பார்த்துவிட்டுச் செங்கலை அடுக்கிக் களிமண்ணைப் பூசிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன். மறுநாள் பிரித்தபோது முன்வரிசையில் பாதிக்கு மேல் மயிரிழை விரிசல். கையில் எடுக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், அந்தக் கட்டத்தைச் சூளை மெதுவாகக் கடக்க வேண்டும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத் தெரிவது அதை ஒட்டிய சூட்டில்தான் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் என்னிடம் இருந்தது, அறிவு அவரிடம் இருந்தது.

முதலாளி மேஸ்திரியைத்தான் கேட்டார். நஷ்டத்துக்காக அவருடைய இரண்டு வாரக் கூலி பிடிக்கப்பட்டது. பொங்கல் நேரம். நான் வாய் திறக்கவில்லை.

சிவப்பு தெரிந்தால் தொடாதே என்றார் மேஸ்திரி. நிழல் தெரியாவிட்டால் ஏறாதே என்றாள் அந்தப் பெண். முதல் தடவை, நான் படித்தவன், அவர் படிக்காதவர் என்று கேட்கவில்லை. இரண்டாவது தடவை, நான் வயசானவன், அவள் சின்னப் பெண் என்று கேட்கவில்லை. என்னிடம் காரணம் மட்டும்தான் மாறியிருந்தது, திமிர் மாறவே இல்லை. லாங்இயர்பீன் விளக்குகள் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, திரும்பிவர எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள்.

நேற்று மத்தியானம் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக மேஸ்திரி வீட்டைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டது, கண் மங்கல். என் பேரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சிரித்தார். "அது அன்னிக்கே எனக்குத் தெரியும் தம்பி. நான் பூசின மண்ணு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. நாலு செங்கல்லு இடுக்குல மட்டும் ஈரம் இருந்துச்சே!"

"அப்புறம் ஏன்ண்ணே சொல்லலை?"

"படிக்கிற புள்ள. அந்த நேரத்துல சொல்லியிருந்தா உன்னை அனுப்பிச்சிருப்பாங்க. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

நான் கொண்டுபோன கவரை அவர் வாங்கவே மாட்டேன் என்றார். அவர் மனைவிதான், "கூலிக் காசுதானே, வாங்கிக்கங்க" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்குக் குஜராத்துக்கு டைல்ஸ் தொழிற்சாலைக்குப் போகலாம், வளைகுடாவுக்குப் போகலாம், ஹிமாத்ரிக்கே கருவி செய்து கொடுக்கலாம். எங்கே போனாலும் முதல் நாள் நீங்கள் அந்த இடத்துக்குப் புதியவர்தான். அங்கே ஒரு மேஸ்திரி இருப்பார். அவர் உங்களைவிட மூத்தவராக இருக்கலாம், இளையவராக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், கையெழுத்துப் போடத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். அவர் கையைத் தூக்கினால் நின்றுவிடுங்கள். காரணத்தைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் நின்ற பிறகு கேளுங்கள். அவர் சொல்கிற காரணம் உங்கள் புத்தகத்திலும் வேறு பெயரில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் தொழில்.

இன்னொன்று. தப்பு செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும், எனக்கு ஸ்கூட்டரே சறுக்கிற்று. ஆனால் பூசின மண் காய்வதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். முப்பத்தாறு வருஷம் சுமக்காதீர்கள். அது ரொம்பக் கனம்.

கிழக்குக் கரையின் நீலச் சுவரை நான் பார்க்கவில்லை. மகள் மறுபடி கூப்பிடுகிறாள். போனால் தடத்தை விட்டு விலகாமல் போவேன் என்று இந்தச் சபை அறிய உறுதி கூறுகிறேன். (சிரிப்பு)